ஒன்றரை வயதுப் பையன் சப்பிச் சப்பி பொம்மை லாரியின் மஞ்சள் பெயிண்ட் போயே போய்விட்டது. அதில் ஈயம் இருக்குமா?

ராயபுரம் மருமகள் எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொன்னால் "போன்ல எத்தையோ பாத்துட்டு வந்துட்டா" என்கிறார்கள்.

பையனுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. கையில் எது கிடைத்தாலும் நேராக வாய்க்குத்தான். செருப்பு, சாவி, ரிமோட், ஆயாவின் மூக்குக்கண்ணாடி, எதற்கும் விலக்கு இல்லை. மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். வரும் வழியில் தார்ப்பாய் விரித்துப் போட்டிருந்த கடையில் ஒரு மர லாரி வாங்கினோம். எண்பது சொன்னார், அறுபதுக்குக் கொடுத்தார். மஞ்சள் பாடி, சிவப்பு முகப்பு, கறுப்புச் சக்கரம். அவன் அப்பா ஹார்பரில் டிரைலர் ஓட்டுகிறவர், அதனால் லாரி என்றால் இவனுக்கு உயிர். தூங்கும்போதும் பக்கத்தில் வேண்டும்.

போன வாரம் தற்செயலாகத்தான் பார்த்தேன். லாரியின் வலது பக்க மூலையில் மஞ்சளே இல்லை, வெறும் மரம் தெரிகிறது. பல் முளைக்கிற வேகத்தில் அந்த மூலையைத்தான் கடித்திருக்கிறான். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. இரண்டு மாதத்து மஞ்சள் எங்கே போனது? அவன் வயிற்றுக்குத்தான் போயிருக்க வேண்டும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த வாத்து செட். பிரித்த அன்று புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். வாத்து வெளுத்ததே தவிர, வாசனை போகவில்லை.

நான் பகலெல்லாம் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். பையனை அத்தையும் மாமாவும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மாமா காசிமேட்டிலிருந்து நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முட்டி போனதிலிருந்து வீட்டில் உட்கார்ந்தே கிழிந்த வலை அடைக்கிறார், வலை தண்ணீரில் அமிழக் கோக்கிற ஈயக்குண்டு ஊற்றிக் கொடுக்கிறார். பேரன் அவர் மடியை விட்டு இறங்க மாட்டான். தாத்தா குண்டுகளை எடுத்து லாரியில் ஏற்றி "பாம் பாம்" என்று தெருவாசல் வரை ஓட்டுவான். அந்த விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மாமனார், மாமியார்.

பையன் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு ஹீமோகுளோபின் 8.9 தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். பொம்மையைப் பற்றிக் கேட்டேன், சிரித்தார்.

இந்த மாதிரிப் பெயிண்டில் ஈயம் இருக்குமா? எங்கே கொடுத்துப் பார்ப்பது? லாரியைத் தூக்கிப் போட்டால் தெருவே கூடுகிற மாதிரி அழுவான், அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

*

பாரீஸ் பொம்மைக்கடை எழுதியது:

தங்கச்சி, பதினோரு வருடமாகப் பாரீஸில் மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன். 2021 ஜனவரி 1-லிருந்து 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விற்கிற எந்தப் பொம்மைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு சி.எம்./எல். என்று ஆரம்பிக்கிற உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்று ஒரு ஆப் இருக்கிறது, அதில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர், உரிமம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். இதை அவசியம் செய்யுங்கள். ஸ்டிக்கர் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முத்திரை கொடுப்பதற்கு முன்னால் பெயிண்டைச் சுரண்டி, வயிற்றில் சுரக்கிற அளவு வீரியமுள்ள அமிலத்தில், உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். அதில் கரைந்து இறங்குகிற ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈயத்தோடு காட்மியம், பாதரசம், ஆர்சனிக் என்று மொத்தம் எட்டுத் தனிமம் பார்க்கிறார்கள். பதிவு பெற்ற கைவினைஞர் செய்கிற பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கிய பொம்மைக்கும் மட்டும் இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. திருவிழாத் தார்ப்பாய்க் கடை இரண்டிலும் சேராது.

வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஆனால் அது வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும். வண்டிக்கும் இரும்புக்கும் அடிக்கிற பெயிண்ட் அதில் வராது. குடிசைத் தொழிலாகப் பொம்மை செய்கிறவர் எந்த டப்பா மலிவோ அதைத்தான் வாங்குவார். பொம்மை லாரிக்கு நிஜ லாரிப் பெயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பளீர் மஞ்சளும் ஆரஞ்சும்தான் சந்தேகத்துக்குரியவை, ஈயக் குரோமேட் என்கிற சாயமே அந்த நிறம்தான்.

வாத்தையும் கொடுக்காதீர்கள். பி.வி.சி. இயல்பில் விறைப்பான சாமான். அதை மெதுவாக்க தாலேட் என்று எண்ணெய் மாதிரி ஒன்றைக் கலப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிணைந்து கிடக்காது, சப்பினால் கசிந்து வரும். ஹார்மோனைக் குழப்பக்கூடியது என்பதால் அதற்கும் இப்போது தரத்தில் அளவு வைத்திருக்கிறார்கள்.

*

பழைய வண்ணை எழுதியது:

நாங்கள் எல்லாம் செத்துப்போன பேட்டரி செல்லை உடைத்து உள்ளே இருக்கிற கரிக்குச்சியால் தரையில் கோடு போட்டு விளையாடியவர்கள். ஒன்றும் ஆகவில்லை. மணலிக் காற்றையும் கொடுங்கையூர் புகையையும் குடித்து வளர்கிற பிள்ளைக்கு அறுபது ரூபாய் லாரி என்ன செய்துவிடும்? மலச்சிக்கலுக்கு உலர்ந்த திராட்சை ஊறவைத்துக் கொடும்மா.

*

எண்ணூர் பாஸ்ட் எழுதியது:

அந்தத் தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே ரோஸ் கலர் பஞ்சு மிட்டாயும் விற்றிருப்பார்களே? துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் கலந்திருந்தது என்று 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை போட்டதே அதற்குத்தான். இன்னொன்று, தலைப்புக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன்: பீரோவில் குழந்தைத் துணியோடு பாச்சை உருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்தத் துணியை உடுத்தினாலே ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். என் அக்கா பையனுக்கு வந்தது, அனுபவித்துச் சொல்கிறேன்.

*

லேப் அக்கா எழுதியது:

தங்கச்சி, லாரியைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் பதிவில் வேறு ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "மாமா ஈயக்குண்டு ஊற்றிக் கொடுக்கிறார், பேரன் மடியை விட்டு இறங்க மாட்டான்." போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பொம்மை லாரியில் இருப்பது ஈயமோ இல்லையோ, அதன் மேலே ஏற்றியிருக்கிற சரக்கு முழுக்க ஈயம்.

நம் தமிழில் ஈயம் என்று இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதில்தான் குழப்பம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், கலப்படம் இல்லாதவரை அதில் பயமில்லை. வலைக்குக் கோக்கிற குண்டு காரீயம். நாம் பயப்படுகிற விஷம் அதுதான். பென்சிலில் இருப்பது இரண்டும் இல்லை, கிராபைட்.

மாமா எங்கே வைத்து உருக்குகிறார்? பின்கட்டிலா, வாசலிலா? உருக்கும்போது மேலே படிகிற கசடை என்ன செய்கிறார்? குண்டின் ஓரத்தைச் சீவும்போது தூள் எங்கே விழுகிறது? லுங்கி மடிப்பில் விழுந்தால் அந்த மடியில்தான் பையன் உட்காருகிறான். புகையை விட அந்தத் தூள்தான் குழந்தைக்கு அதிகமாகப் போகும். தரையில் தவழ்கிறான், கையை வாயில் வைக்கிறான். அவ்வளவு போதும்.

நமக்கு உள்ளே போகிற ஈயத்தில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். சின்னக் குழந்தையின் குடல் நம்மைப் போல நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்பில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் வேகமாக இழுக்கும். சோகை ஈயத்தை இழுக்கிறது, ஈயம் சோகையைக் கூட்டுகிறது. 8.9 என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. மலச்சிக்கலும் பசியின்மையும் ஆயிரம் காரணத்தால் வரும், இதனாலும் வரும். பல பிள்ளைகளுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது.

ரத்தத்தில் ஈய அளவு என்று தனியாக ஒரு சோதனை உண்டு. ஹீமோகுளோபின் பார்க்கும்போது இது தெரியாது, டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்க விடாதீர்கள், தோலில் ஒட்டியிருக்கிற தூளே எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். நரம்பில்தான் எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால்தான் ஈயத்தை இழுத்து வெளியேற்றுகிற மருந்து. நடுவில் இருப்பவர்களுக்கு மருந்து என்று எதுவும் இல்லை. வருகிற வழியை அடைப்பதுதான் வைத்தியம்.

பழைய வண்ணை அண்ணனுக்கு: ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? நம் சென்னையிலேயே 3 முதல் 7 வயதுக்குள் 756 பிள்ளைகளைப் பார்த்து 2009-ல் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியே 11-க்கு மேல் இருந்தது. அளவு கூடக் கூட கவனம் நிற்காமை, படபடப்பு எல்லாம் கூடியிருந்தது. பெட்ரோலில் ஈயம் போட்ட காலத்துப் பிள்ளைகள் நாம். இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர்களாக இருந்திருப்போமோ என்னவோ.

*

ராயபுரம் மருமகள் எழுதியது:

அக்கா, இதைப் படித்ததும் கை சில்லிட்டுவிட்டது. பின்கட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தான் உருக்குகிறார். மூன்று செங்கல், ஒரு இரும்புச் சட்டி. காயலான்கடையிலிருந்து எடைக்கு வாங்கி வந்த பழைய ஈயம், சில சமயம் பேட்டரித் தகடு. உருகியதும் வெள்ளி மாதிரி பளபளக்கும். மேலே பால் ஆடை மாதிரி படிவதைக் கரண்டியால் வழித்து ஒரு பெயிண்ட் டப்பாவில் போடுவார். ஆறியதும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் ஓரம் சீவுவார். தூள் எங்கே விழும் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. சாயங்காலம் பையனின் சாமான் கூடையைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் ஏழு குண்டு இருந்தது. ஒன்றில் பல் பட்ட தடம்.

*

வலைக்கடை காசிமேடு எழுதியது:

அம்மா, முதலில் பேட்டரித் தகட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் ஈயத்தை விட ஈயச் சாம்பல் அதிகம், ஆசிட் வேறு. குண்டு அச்சில் வார்த்தது ரெடிமேடாகவே கிடைக்கிறது. வலை அடைப்பது மட்டும் போதாதா அவருக்கு? இங்கே பெரியவர்கள் கோக்கும்போது குண்டை உதட்டில் கவ்விக்கொள்வார்கள், அதையும் விடச் சொல்லுங்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டைப் பெருக்காதீர்கள், தூள் எழும்பும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். மாமா லுங்கியைத் தனியாக ஊறவையுங்கள்.

*

ராயபுரம் மருமகள் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

கேட்டுவிட்டு ஓடிப்போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது.

ரத்தம் எடுத்தோம். தீபாவளிச் சீட்டுக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போனது. நான்கு நாள் கழித்து வந்தது: 17. வேறு ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை. மருந்து போடுகிற அளவு இல்லை, வீட்டில் ஈயத்தை நிறுத்துங்கள், இரும்புச்சத்து டானிக்கை விடாமல் கொடுங்கள், இரண்டு மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். கேழ்வரகுக் கஞ்சி, முருங்கைக்கீரை, நெத்திலி என்று எழுதியும் கொடுத்தார். நெத்திலிக்கு நம் வீட்டில் என்ன பஞ்சம்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் கையால்தான் இது வந்தது என்று சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். என் வீட்டுக்காரர் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தார். மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அம்பது வருசமா ஈயம் உருக்கினுகீறேன், எனக்கு இன்னாடா ஆயிப்போச்சு? புள்ளைக்கு நான் வெசம் வெச்சேன்றியா?" என்று எழுந்து போய்விட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. அத்தை என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் பல் தடம் பட்ட அந்தக் குண்டை அவர் கையில் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரனுக்கு மேலே இரண்டு பல், கீழே நான்கு. குண்டின் ஒரு பக்கம் இரண்டு பள்ளம், மறுபக்கம் சின்னதாக நான்கு. ஈயம் மெதுவான சாமான் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன. அப்படியே பனியனுக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் சட்டியும் அச்சும் பின்கட்டில் இல்லை. எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை.

அவரையும் ரத்தம் கொடுக்க வைத்தோம். 38. பத்து வருடமாக வயிற்றுவலியைக் கேஸ் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், பிரஷரும் இருக்கிறது. இரண்டுக்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் தன் எண்ணைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. பேரனின் 17 மட்டும் மனப்பாடம், தெருவில் எல்லாரிடமும் சொல்கிறார்.

இப்போது வலை அடைக்க மட்டும் துறைமுகத்துப் பக்கம் போகிறார். குண்டு ரெடிமேட்தான் கோக்கிறார், உதட்டில் கவ்வுவதில்லை என்று சத்தியம் செய்கிறார். வந்ததும் பின்வழியாக நுழைந்து குளித்து, வேறு லுங்கி மாற்றிய பிறகுதான் பையனைத் தூக்குகிறார். அதற்குள் அவன் கதவைத் தட்டி "தாத்தா, தாத்தா" என்று போடுகிற சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும். திண்ணையை ஏழெட்டுத் தடவை ஈரத்துணி போட்டுத் துடைத்தேன். அத்தை இப்போது அவராகவே துடைக்கிறார், நான் செய்தால் அவருக்குத் திருப்தி இல்லை.

லாரியைச் சோதனைக்கு எங்கும் கொடுக்கவில்லை, பணம் தீர்ந்துவிட்டது. குப்பையில் முழுசாகப் போட்டால் பொறுக்குகிறவர் பிள்ளை எடுத்து வாயில் வைக்கும், உடைத்துப் போட்டால் பெயிண்ட் பறக்கும். கேரிபேக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். பையன் அண்ணாந்து பார்த்து "லாலி" என்கிறான். அவன் அப்பா முத்திரை பார்த்து, ஆப்பில் எண்ணையும் போட்டுப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கி வந்தார். அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறான்.

வலைக்கடை அண்ணே, ஒரு விஷயம். மாமா வழித்துப் போட்ட கசடு பெயிண்ட் டப்பா நிறைய இருக்கிறது, தூக்கினால் கை இற்றுப்போகிற கனம். இறுக்கி மூடிப் பின்கட்டு மூலையில் வைத்திருக்கிறேன். காயலான்கடைக்காரர் நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கடைக்குள்ளேயே தூளி கட்டிப் பேத்தியைத் தூங்க வைக்கிறவர் அவர். வேறு யாரிடம் கொடுக்கலாம்?